தேசம்மா வாங்கிய கல்

காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. சொந்த ஊரான குடிபாலாவிலிருந்து தேசம்மாவின் தம்பி பேசினார். "அக்கா பூட்ச்சிண்ணா. ஸ்கூட்டர்ல வந்துக்கினு இருந்துச்சி. லாரிக்காரன் நிக்காமகூட போய்ட்டான்" என்றவர் அலற ஆரம்பித்துவிட்டார். நான் போனைச் சுவரில் வீசி அடித்தேன். அழுகை வரவில்லை. அந்த லாரிக்காரன் கையில் கிடைத்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தேசம்மாவும் நிதானமாகத் துக்கப்படுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அவருடைய ஆய்வகத்தில் நாங்கள் என்ன வேலை செய்தோம் என்பது இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. கடலுக்குள் காற்றாலை நட்டால் அதன் இரும்புக் கால்கள் துருப்பிடிக்கும். அதைத் தடுக்க அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கட்டிகளைக் கால்களில் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதிலாகக் கட்டி கரையும். கரைந்தது எங்கே போகிறது, எதன் வயிற்றில் சேருகிறது? நம் கடற்கரைக்கும் காற்றாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், டிரம் டிரம்மாகக் கடல்நீரையும் கூடை கூடையாக மட்டிச் சிப்பியையும் திருப்பதிக்குக் கொண்டுவந்து, தொட்டிகளில் விட்டு, அந்தக் கட்டிகளைப் போட்டுப் பார்த்தோம். கடல் இல்லாத ஊரில் கடல் ஆராய்ச்சியா என்று கேலி செய்தவர்களை, "உன் வூட்ல மாடு கீதா? காபி குடிக்கல?" என்று மடக்குவார் தேசம்மா.

நீரிலும் மட்டியிலும் நாங்கள் அளந்த உலோகம் மிக மிகக் கொஞ்சம். ஒரு துளி தூசி போதும், எல்லாம் கெட்டுவிடும். அதனால் மோதிரம், வளையல், விபூதி, பவுடர் எதுவும் அறைக்குள் வரக்கூடாது என்பது அவர் சட்டம். ஒருமுறை காற்றாலைக் கம்பெனி அதிகாரி ஒருவர் நெற்றி நிறையச் சந்தனத்தோடு உள்ளே வந்து, மூடி திறந்திருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். தேசம்மா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வராந்தாவில் தள்ளினார். மூக்குக்கண்ணாடி உடைந்து தெறித்தது. "இன்னா சார், சாமி கும்புட வந்தியா, சாம்பிள் பாக்க வந்தியா?" நான் சிரித்தேன். அப்போது சிரிக்க எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

முதல் சுற்று முடிந்தபோது மட்டிச் சதையில் துத்தநாகம் எக்கச்சக்கமாக இருந்தது. தேசம்மா கொதித்துப் போனார். அவசரப்பட்டு, மறுபடி சரிபார்க்கும் முன்பே கரைக்குப் போய் மீனவர்களிடம் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம்தான் வினை தெரிந்தது. ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சுத்த நீரிலும் துத்தநாகம் இருந்தது. அதுவும் நான் பாட்டில் திறந்த நாட்களில் மட்டும். தேசம்மா விறுவிறுவென்று வந்து என் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினார். என் பையனுக்குத் திருமலையில் முதல் மொட்டை. கூடவே நானும் போட்டிருந்தேன். வெயிலில் தலை அரித்ததால் தினமும் வேர்க்குரு பவுடரை அப்பிக்கொண்டு, தொப்பிதான் இருக்கிறதே என்று வேலை செய்துவிட்டேன். அதில் துத்தநாகம் இருப்பது டப்பாவிலேயே எழுதியிருந்தது. திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவரும் அதுவரை பார்க்கவில்லை.

என் தலையை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, அதே கையால் ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. "கரைல கீறவங்களுக்கு இன்னாடா பதில் சொல்வேன்?"

பதில் சொல்ல அவரே போனார். நானும் ஜீப்பில் கூடப் போனேன். கூடியிருந்தவர்களிடம் தெலுங்கிலும் தமிழிலும் சொன்னார்: "நான் சொன்னது தப்பு. மறுபடியும் செஞ்சி பாக்கணும்." யார் செய்த தப்பு என்று ஒருவர் கேட்டார். "என் லேப்ல நடந்தது. என் தப்பு." கம்பெனிக்கு விலைபோய்விட்டாள் என்று கூட்டம் முடிவுகட்டியது. "அம்முடுபோயாவு!" என்று ஒரு குரல் தெலுங்கில் அதையே கத்த, கல் பறந்து வந்தது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. முந்தானையை அழுத்திக்கொண்டு, "அட்ச்சாலும் தப்பு தப்புதான். சரியா செஞ்சிக்கினு வரேன்" என்றார். நான் ஜீப்பருகே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தையல் போட்ட பிறகு, என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அத நீ சொல்லணும்யா. நான் சொன்னா நல்லாருக்காது" என்றார். சொல்கிறேன் என்றேன். இரண்டாவது சுற்று முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். சுற்று முடிந்தது. அவரை வைத்துக்கொண்டு சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மட்டியில் துத்தநாகம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் முதலில் சொன்னதைவிட மிகவும் குறைவு. அதனால் மட்டிக்கு என்ன கேடு என்பது இன்னும் தெரியவில்லை. "கம்மின்னா கம்மின்னு எய்து. தெரியலன்னா தெரியலன்னு எய்து" என்றார் கடைசியாக. அந்தச் சொல்லையும் அன்று கன்னத்தில் வாங்கிய அறையையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

கரையில் இருப்பவர்களே, பவுடர் போட்டவன் நான். அவர் விலைபோகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவுகளோடு வருகிறேன். உங்களுக்குக் கோபம் மிச்சமிருந்தால் கல்லை எடுங்கள். இந்த முறை முன்னால் நிற்பேன்.