அவர் கடித்த என் உதடு

எனக்குப் பரதம் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஒரு மலையாளப் பட நாயகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். நடனம் ஆடும் சீடனும் அவன் குருவும்தான் படத்தின் கதை. சின்ன வயதிலிருந்து அவரிடம் ஆடும் என்னை ஒருநாளும் புகழாதவர், அந்த நடிகரைப் பற்றி ஓயாமல் பேசினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்த்தாண்டத்தில் படம் வந்ததும் நானும் டீச்சரும் போனோம். ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருந்தேன். படத்தின் கடைசி நடனத்தில் கிடைத்தது. வேகம் கூடியதும் அந்த நடிகர் கீழுதட்டைக் கடித்தார். அதற்காக நான் வாங்காத திட்டு இல்லை.

"பாத்தியளா டீச்சர், உதட்டைக் கடிக்காரு! நான் கடிச்சா மட்டும் ஏசுவிய!"

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது ஒனக்க பழக்கம்தான் மக்கா. சீடன்னா ஒன்ன மாதிரி இருக்கணும்னு நான்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தேன்."

இத்தனை வருஷமும் ஏசிக்கொண்டே என்னை ரசித்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. அதே நேரம் தியேட்டரே கைதட்டியது, அந்த நடிகருக்கு.

இப்போது மேடையில் நான் உதட்டைக் கடித்தால், "அந்தப் படத்தப் பாத்துப் படிச்சியளா?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே சலங்கையை அவிழ்க்கிறேன். வயிறு எரிகிறது.