எதுக்கும்மா ஃபோன எடுத்தே?

ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு உள்ள பிள்ளையிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் பிடுங்கிப் பார்த்தவள்.

என் மகள் ஜெனிக்குப் பதினைந்து வயது. இன்ஸ்டாகிராமில் இறங்கினால் தட்டில் சோறு ஆறிப்போகும். பொறுக்க முடியாமல் ஒருநாள் கைப்பேசியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த வாரம் சர்ச் கொயர் பாட்டுப் பயிற்சியின் நேரம் மாறியதை அவர்களுடைய இன்ஸ்டா குழுவில் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். காக்ஸ் டவுன் சர்ச் வாசலில் தனியாக நின்றுவிட்டு, அழுதுகொண்டே வீடு வந்தாள்.

"மெசேஜ் பாக்கத்தாம்மா எடுக்கறேன். நடுவுல ஒரு ரீல் வந்துட்டா, எதுக்கு எடுத்தேன்றதே மறந்துபோகுது. நான் வேணும்னேவா பண்றேன்?"

அதுவரை அதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன். பீரோவைத் திறந்து கைப்பேசியைக் கொடுத்தேன். இருவரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். வீட்டில் யார் கைப்பேசியை எடுத்தாலும், எதற்கு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"கெமிஸ்ட்ரி நோட்ஸ் கேக்க எடுக்கறேம்மா!" என்பாள். சற்றுப் பொறுத்து, "நோட்ஸ் கெடச்சுதா?" என்று சமையலறையிலிருந்து கேட்பேன். "அய்யோ!" என்று சிரித்தபடி ரீலை விட்டு வெளியே வருவாள். வழுக்கும் நாட்களும் உண்டு. ஆனால் இப்போது சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிடுகிறாள்.

நேற்று மாலை ஆபீஸிலிருந்து வந்து, சோபாவில் சாய்ந்து கைப்பேசியைத் திறந்தேன்.

"எதுக்கும்மா எடுத்தே?" என்றாள் ஜெனி.

எனக்கு ஏ.டி.எச்.டி. கிடையாது. ஆனாலும் எதற்கு எடுத்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. "அய்யோ!" என்று சிரித்தபடி கைப்பேசியைக் கீழே வைத்தேன்.