கஸ் ஹோல்மாயரின் பல்செட்டு

கஸ் ஹோல்மாயர் எட்டு வருஷம் பந்தாட்டம் ஆடினான், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டிமோதி ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பந்தைத் தொட்டதில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை. கோட்டோரமாகச் சங்கிலி பிடித்துப் பந்து நகர்ந்த தூரம் அளந்தவன் நான்தான். எனக்குத் தெரியாமல் அவன் எப்போது தொட்டிருக்கப்போகிறான்? முன்வரிசையில் குனிந்து நிற்பதும், எதிரே குனிந்து நிற்பவனை முட்டித் தள்ளுவதும் அவன் வேலை. பந்து அவன் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். யார் ஜெயித்தது என்பதையே ஆட்டம் முடிந்தபின் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பத்து டாலர். மற்ற ஆறு நாளும் எங்கள் ஊர் ஹார்ட்வெல் பீங்கான் ஆலையில் சூளைக்குள் கோப்பை அடுக்குவான். பன்றித்தொடை அளவு இருக்கும் அந்தக் கையால் ஒரு கோப்பையைக்கூட உடைத்ததில்லை. உடைந்ததெல்லாம் அவனுடையதுதான்: மூக்கு இரண்டு தடவை, விரல் மூன்று, மேல்வரிசைப் பல் மொத்தமும்.

பல் போனது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் குழுவில் ஐந்து பேருக்குப் பல்செட்டு. ஆட்டம் தொடங்குமுன் வரிசையாக வந்து, கழற்றி, என் சவரக் குவளையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊரில் முடிதிருத்துகிறவன் என்பதால் என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வெளியூர்க்காரர்களும் என்னிடமே கொடுப்பார்கள். எங்களுக்கு நீலக் குவளை, அவர்களுக்கு வெள்ளை. ஆறு வருஷமாக ஒரு பல் மாறியதில்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்மைதான்.

இனி வெர்னா பீல். வங்கிக்கு மேல்மாடியில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள்தான் ஆபரேட்டர். முப்பத்தொரு வயது. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது பாதிரியாருக்கு முன்பே அவளுக்குத் தெரியும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. கஸ் நாலு வருஷமாக அவளைச் சுற்றி வந்தான். சுற்றி வந்தான் என்றால் சனிக்கிழமைதோறும் அவளை வீடுவரை கொண்டுபோய் விடுவான், தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போடுவான், திரும்பிவிடுவான். தன் பல் பொய்ப்பல் என்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவனுக்கு ஒரே பயம். அவள் சுட்டுத் தந்த ஆப்பிள் பலகாரத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் தின்பான். ஊருக்கே தெரிந்தது அவளுக்கா தெரியாமல் இருக்கும்? இதை நான் அவனிடம் சொல்லவில்லை. என்ன இருந்தாலும் சிநேகிதன்.

1924 நவம்பரில் அவளுக்கு க்ளீவ்லேண்டில் பெரிய எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ரயில்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு டியூட்டில இருப்பேன்" என்று அவனிடம் சொன்னாள். "சொல்றதுக்கு ஏதாவது இருந்தா வந்து சொல்லுங்க. இல்லேன்னா தொப்பியைத் தொட்டுட்டுப் போங்க, எனக்குப் பழக்கம்தான்."

அந்த ஞாயிறு பிரெஸ்காட் குழுவோடு ஆட்டம். மழையென்றால் அப்படி ஒரு மழை. சேற்றில் இருபத்திரண்டு பேரில் யார் யார் என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது. காசுக்கு ஆடினால் கல்லூரியில் நீக்கிவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் 'ஜோன்ஸ்' என்ற பொய்ப்பெயரில் ஆடிய பையன், தன் வாத்தியார் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாதி ஆட்டம் முகத்தைத் துடைக்கவே இல்லை. கஸ்ஸுக்கு எதிரே பிரெஸ்காட்டின் டகன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் முட்டிக்கொண்டே நின்றார்கள்.

தப்பு என்னுடையது. வெள்ளைக் குவளை காலையிலேயே கைதவறி உடைந்துவிட்டது. ஒரு நாள்தானே என்று இரண்டு ஊர்ப் பல்லையும் நீலக் குவளையிலேயே போட்டேன். ஆட்டம் முடிந்ததும் பிரெஸ்காட்காரர்கள் ஐந்து மணி ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். கஸ் ஆறு மணிக்கு வெர்னாவைப் பார்க்க வேண்டுமென்று வீட்டுக்கு ஓடினான். குளிரில் ஈறெல்லாம் மரத்துக் கிடக்க, எல்லாரும் கைக்கு வந்ததை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஐந்தே முக்காலுக்கு கஸ் என் கடைக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். சட்டை மாற்றி, தலைசீவி, டை கட்டியிருந்தான். வாயைத் திறந்தான். உள்ளே டகனின் தங்கப்பல் மினுங்கியது. உதடு மூடவில்லை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிழிக்காழே எல்மழ்!" என்றான். சிரிக்காதே எல்மர் என்கிறான். அதற்கும் சிரித்தேன், கடவுள் மன்னிக்கட்டும்.

"சரி சரி, நட. அவ காத்திருப்பா."

அவன் தலையை ஆட்டினான். நாளைக்கு என்று கையால் காட்டினான்.

"நாளைக்கு அவ க்ளீவ்லேண்ட்ல இருப்பாடா! பல்லுக்குப் பயந்து பொண்ணை விட்டுட்டு நிக்கப்போறியா?"

பிடித்து இழுத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன்.

வெர்னா காதில் கருவியோடு டெலிபோன் இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புது நீல உடுப்பு. ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு யார் புது உடுப்பு போடுகிறார்கள்?

"ஜெயிச்சீங்களா?" என்றாள்.

கஸ் என்னைப் பார்த்தான். "தோத்துட்டோம்" என்றேன்.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு இல்லையென்று தலையசைத்தான். பேச முடியவில்லை என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான். அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. குவளை, மழை, டகன், தங்கப்பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் ஒருதரம் துடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒரு கம்பியை எடுத்துச் செருகினாள்.

"காலோவே ஜங்ஷனா? ஹார்ட்வெல் எக்ஸ்சேஞ்ச் பேசறேன். உங்க பிளாட்பாரத்துல பிரெஸ்காட் டீம் வண்டி மாற நிக்கும். அதுல டகன்னு ஒருத்தர், கதவு மாதிரி இருப்பார். அவர் வாயில இருக்கற பல்செட்டு அவரோடது இல்ல. கொஞ்சம் வாங்கி வையுங்க."

அங்கே ஸ்டேஷன் மாஸ்டருக்குக் காது மந்தம். அவர் கத்துவது எங்கள் அறைவரை கேட்டது. "ஏம்மா, குடிச்சிருக்கியா?"

"மதுவிலக்குச் சட்டப்படி இந்த நாட்டுல யாருமே குடிக்கறதில்ல சார். சீக்கிரம் போங்க."

போய்விட்டு வந்தார். டகன் சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டானாம். அவனும் இரண்டு ஸ்டேஷனாகப் பேச முடியாமல் தவித்திருக்கிறான்.

"ஆனா கண்டவங்க கையில கொடுக்க முடியாது" என்று கத்தினார். "குடும்பத்து ஆளுன்னா எழுதி வெச்சுக் கொடுப்பேன். விதி அப்படி. அந்தப் பல்லுக்காரருக்கு நீ என்ன வேணும்மா?"

வெர்னா பேசும் குழலைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"கேக்கறார். நான் என்னன்னு சொல்லட்டும்?"

கஸ் டகனின் பல்லைக் கழற்றி என் கையில் வைத்தான். வாய் உள்ளே போய், முப்பத்துமூன்று வயசுக்காரன் எழுபதாகத் தெரிந்தான். அந்த முகத்தோடு அவளை நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். எட்டு வருஷத்தில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு 'சூளை' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அவள் எப்போது குழலிலிருந்து கையை எடுத்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

"யாரது? என்ன உளர்றார்? ஒரு எழவும் புரியலியே!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"பத்து வருஷமா இடியிலயும் மழையிலயும் கரகரக்கிற லைன்லதான் பேச்சு கேக்கறேன். எனக்குப் புரிஞ்சுது சார்" என்றாள் வெர்னா. கண் கலங்கியிருந்தது. "நாலு வருஷமா கேக்கணும்னு இருந்தாராம். பயமாம். என்னைப் போகவேணாம்னு சொல்ல அவருக்கு உரிமை இல்லையாம். நான் போனா அவரும் வர்றாராம், அங்கயும் சூளை இருக்குமாம். நான் அவரைக் கட்டிக்கணுமாம்."

அந்த ஜங்ஷன் லைன் ஆறு வீட்டுக்குப் பொது; யார் குழலை எடுத்தாலும் பேச்சு கேட்கும். அந்த ஆறு வீட்டிலும் எவ்வளவு நேரமாகக் காதைக் கொடுத்திருந்தார்களோ, ரொட்டிக்கடைக்காரரின் மனைவி மிசஸ் ஓக்லியின் குரல் உள்ளே பாய்ந்தது.

"அடியே வெர்னா! நீ என்ன சொல்றே? அதைச் சொல்லாம லைனை வெச்சுடாதேடி, அடுப்புல கறி தீயுது!"

"சரின்னு சொல்றேன் மிசஸ் ஓக்லி."

அப்புறம் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். டியூட்டியில் ஆபரேட்டர் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் வேலை போய்விடும். எழுந்து கஸ்ஸின் எதிரே வந்து நின்றாள்.

"சரி, கஸ்" என்றாள், அவனிடம் மட்டும்.

அதற்குள் பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஹார்ட்வெல் முழுக்க அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.