கஞ்சா மனுவும் என் கையெழுத்தும்

பிள்ளைகளே, இது எழுபதுகளில் நடந்தது. உங்கள் அம்மாவும் மூத்தவளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் மெல்பேர்னில் டயர் தொழிற்சாலையில் வேலை. அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம், விசா கொடுக்கும் அரசாங்க அலுவலகமான குடிவரவுக் கந்தோரில் கிடந்தது.

என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவன் மதுரைப் பக்கத்துப் பெடியன், சட்டம் படிப்பவன். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் அறையில் எந்நேரமும் ஊதுபத்தி எரியும். சாமிப்படம் ஒன்றுகூட இல்லாத அறையில் ஊதுபத்தி எதற்கு என்று எனக்கு ஒரே யோசனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு கடதாசியை, நாங்கள் சமைத்துச் சாப்பிடும் குசினி மேசையில் வைத்தான். பாராளுமன்றத்துக்கு மனு. தன் சொந்தப் பாவனைக்குக் கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பவனைச் சிறையில் போட வேண்டாம், அபராதத்தோடு விடுங்கள் என்று எழுதியிருந்தது. கீழே பெயர், விலாசம், கையெழுத்து.

"அண்ணே, ஒரு கையெழுத்து போடுங்க."

"சாராயம் விக்கிறாங்கள்தானே. இதையும் கடையில விக்கச் சொல்லிக் கேளுங்கோவன்."

"முடியாதுண்ணே. மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் தவிர விக்க விடமாட்டோம்னு இந்த நாடு மத்த நாடுகளோட ஒப்பந்தம் போட்டிருக்கு. அதை மீற முடியாது. ஆனா கொஞ்சமா வச்சிருக்கிறவனை ஜெயில்ல போட்டே ஆகணும்னு அதுல கட்டாயம் இல்லைன்னு எங்க வாத்தியார் சொல்றார். அதைத்தான் கேக்கிறோம்."

"உனக்கு இதில என்ன லாபம்?"

"கூடப் படிச்சவன் ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டோட மாட்டிக்கிட்டான். இனி வக்கீலாக முடியுமான்னே தெரியல."

"கூடப் படிச்சவனோ, நீயோ?"

"நானா இருந்தா இப்படி உக்காந்து உங்ககிட்ட பேச்சு வாங்குவேனா?" என்று சிரித்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அகராதியை வைத்து அந்தக் கடதாசியை மூன்று முறை வாசித்தேன். பிழையாக எதுவும் இல்லை. அதுதான் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. பாராளுமன்றமும் அரசாங்கம், குடிவரவுக் கந்தோரும் அரசாங்கம். இந்த மேசைக் கடதாசி அந்த மேசைக்குப் போகாது என்று யார் கண்டது? பெடியனே பொலிசின் ஆளோ என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நேரே கந்தோருக்குப் போனேன். கஞ்சா மனுவில் ஒருவர் கையெழுத்து வைத்தால் அவர் மனைவியின் விசாவுக்குத் தடங்கல் வருமா என்று கேட்டேன்.

அதிகாரி நிமிர்ந்தார். நீங்கள் கஞ்சா பாவிக்கிறீர்களா என்றார். ஐயோ, நான் சுருட்டுக்கூடக் குடிப்பதில்லை என்றேன். அப்படியானால் வீட்டில் யார் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என் விண்ணப்பக் கோப்பை எடுத்து இரண்டு வரி எழுதினார். தலைகீழாக என்னால் வாசிக்க முடியவில்லை. நான் போய்க் கேட்கும்வரை அந்தக் கந்தோரில் என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பெடியனின் முகம் வெளிறியது.

"வீட்ல யாருன்னு கேட்டதுக்கு என்னண்ணே சொன்னீங்க?"

"ஒருத்தரும் இல்லை எண்டனான்."

அவன் நேரே அறைக்குள் போனான். பிறகு கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஓடியது.

நான் மனுவை இழுத்து முழுப் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கோப்பில் எழுதியது எழுதியாகிவிட்டது. அந்தப் பிள்ளையும் சிறைக்குப் போக வேண்டியவன் இல்லை.

அதற்குப் பிறகு விசா வர ஐந்து மாதம் ஆனது. அந்த இரண்டு வரியால்தான் பிந்தியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விமான நிலையத்தில் உங்கள் அம்மா, "ஏனப்பா இவ்வளவு நாள்?" என்று கேட்டார். குடிவரவுக் கந்தோரில் வேலை கூடிப்போச்சு என்றேன்.

"ஓம், ஓம்," என்றார். நம்பவில்லை.