அண்ணனின் காருக்குப் புது ஸ்பிரிங்

அரியாலை வீட்டு முற்றத்தில் இன்று அண்ணனின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்பக்க ஸ்பிரிங் மாற்றி முடித்தேன்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிய பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி, பண்ணைக் கடற்கரைக்கு ஒருக்கா என்ரை காரிலை போவம்."

உடைந்த ஸ்பிரிங்கோடு ஓடினால் வீதியின் ஒவ்வொரு பள்ளமும் அவருடைய முதுகெலும்பில் இறங்கும். நோயும் அங்கேதான் இருக்கிறது. அதனால் காரை ஜாக்கில் ஏற்றிவிட்டுக் கீழே படுத்தேன். துருப்பிடித்த நட்டுகளோடு நான் மல்லுக்கட்டியதை அண்ணன் கதிரையில் இருந்து பார்த்தார்.

வேலை முடிந்து கதவைத் திறந்துவிட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் இருக்கை நிலத்தோடு நிலமாக இருக்கும். என் தோளைப் பிடித்துக் குனிந்தவர் பாதியில் கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"ஏலாது பிள்ளை."

மெதுவாகக் கதிரைக்குக் கொண்டுவந்தேன்.

"நீ காரை ஓடிக் காட்டு" என்றார் பிறகு.

வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கை முடியும்வரை காரை ஓடித் திரும்பினேன். பின்பக்கம் பஞ்சு போல வந்தது, ஒரு சத்தமும் இல்லை.

"கிறீச்செண்டு கேக்குது. பிழையாப் பூட்டிப்போட்டாய். நாளைக்குத் திருப்பிக் கழட்டு, நான் இருந்து பாக்கிறன்."

"ஓம் அண்ணை."

இல்லாத சத்தத்தை நிறுத்தும் வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவசரமே இல்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்.