புஸ்வாணப் பெட்டியில் காரச்சேவு

திருத்தங்கலில் வீட்டிலேயே காரச்சேவு போட்டு விற்கத் தொடங்கியபோது, அட்டைப்பெட்டி அடிக்க ஆகும் செலவைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சியிடம், வீணாகக் கிடக்கும் பெட்டி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"புஸ்வாணப் பெட்டி ஒரு லோடு கெடக்கு தாயி. கலர் மாறிருச்சுன்னு கம்பெனிக்காரக திருப்பிட்டாக. மருந்தே படாத புதுப்பெட்டி. சும்மாவே எடுத்துக்கிடுங்க, எடமாவது காலியாகும்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் பெட்டியின் பின்பக்கத்தை நான் படிக்கவில்லை. கம்பெனிப் பெயரின் மேல் என் சீட்டை ஒட்டி, காரச்சேவை உறையிலிட்டு உள்ளே வைத்துக் கடைகளுக்குப் போட்டேன். சில மாதத்தில் மதுரையிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"ஏங்க, 'பற்றவைத்ததும் தள்ளி நிற்கவும்'னு போட்டிருக்கு. அம்புட்டுக் காரமா?"

மானம் போயிற்று என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"அட, வீடே சிரிக்குதுங்க! எங்க கல்யாணத்துக்கு இதே பெட்டியில வேணும்."

அண்ணாச்சியிடம் ஓடினேன். பெட்டி தீர்ந்திருந்தது.

"தெரியாமத் தப்பா அடிச்சாத்தான் சும்மா. தெரிஞ்சே தப்பா அடிக்கணும்னா காசு ஆகும் தாயி."

கல்யாண வீட்டார் தந்த முன்பணத்தில் அடித்து அனுப்பினேன். எல்லாருக்கும் பிடித்ததாம். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் பெட்டியைப் பிரிக்காமல் தீபாவளிக்கென்று பரணில் வைத்துவிட்டாராம். சேவு நமுத்துப்போவதற்குள் தின்றுவிடும்படி அவரிடம் சொல்லச் சொன்னேன்.