ஏரிச் சேற்றில் எங்கள் பங்கு

நகர நிர்வாகத்தின் சட்டப் பிரிவில் வேலை என்றால், நகரம் செய்ததை நகரம் செய்யவில்லை என்று கோர்வையாகச் சொல்லப் பழகுவது. அரசாங்க மேஜைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஏரி கெட்டுப்போனது. இரும்புக்கு முலாம் பூசும் பட்டறைகளின் ரசாயனமும் எங்கள் சாக்கடையும் சேர்ந்தே அதில் விழுந்துகொண்டிருந்தன. சுத்தம் செய்யும் செலவை இரண்டு தரப்பும் ஏற்க வேண்டும் என்றது கோர்ட். யாருக்கு எவ்வளவு என்று பேசும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். கன்னடம் பேசும் எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கலர்

முதல் கூட்டத்தில் எங்கள் வக்கீல் மேஜை முழுக்கப் புகைப்படங்களைப் பரப்பினார். மஞ்சள் தண்ணீர், பச்சை நுரை, செத்து மிதக்கும் மீன். பட்டறை முதலாளிகளின் சார்பில் வந்திருந்தவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், வயதானவர். ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகக் கையில் எடுத்துப் பார்த்தார். இதில் நகரத்தின் சாக்கடை எங்கே என்று கேட்டார். படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்றார் எங்கள் வக்கீல். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

“எங்க கழிவுக்கு கலர் இருக்கும்மா, போட்டோல விழுது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல.”

பாதி பாதி

ஆரோக்கியமேரி அக்காவின் கணவர் முலாம் பட்டறையில் வேலை பார்த்தவர். வீடு ஏரிக்கரையில், குடித்தது அங்கிருந்த போர்வெல் தண்ணீர். முதலில் கையில் ஆறாத புண் வந்தது, அப்புறம் மூக்குக்குள். கடைசியில் நுரையீரல். அவர் இறந்த பிறகுதான் அந்த போர்வெல்லை மூடினார்கள்.

நஷ்ட ஈடும் சுத்தம் செய்யும் செலவில் அடக்கம் என்பதால் அவர் விஷயம் கூட்டத்துக்கு வந்தது. பட்டறைப் புகைதான் காரணம் என்றோம் நாங்கள். நகரம் மூடாமல் விட்ட போர்வெல் தண்ணீர்தான் என்றார்கள் அவர்கள். ஒரு மத்தியானம் முழுக்க அந்த மனுஷனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு, கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடித்தார்கள். அதை அக்காவிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன். அக்காவே நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டுக்கொண்டார், அழவில்லை.

“பாதி அவங்க, பாதி நீங்கன்னே போட்டுக்கோங்கம்மா. மனுசன் முழுசாத்தான் போனாரு.”

யாரும் தப்பு செய்யவில்லை

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: இரு தரப்பும் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே தங்கள் பங்கைச் செலுத்துகின்றன. சர்ச் ஹாலில் மக்களைக் கூட்டி, அதைத் தமிழில் வாசித்தேன். நகரத்தின் பங்கை வீட்டு வரியோடு கூட்டி வசூலிக்கப் போகிறோம் என்பதையும் வாசித்தேன். வீட்டுக்காரர்கள் அதை வாடகையில் ஏற்றுவார்கள் என்று அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஈஜிபுராவில் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே குடிவந்த ஆட்டோக்காரர் ஒருவர், தவறை ஒப்புக்கொள்ளாத அந்த வாசகத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அப்ப தப்பு யாரும் பண்ணல, அபராதம் மட்டும் எங்களுக்கு. கரெக்டா மேடம்?”

கல்குவாரி

ஒருவழியாகச் சேற்றை அள்ள ஆரம்பித்தார்கள். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் அதைக் கொட்டி மூடுவதாக ஏற்பாடு. முதல் லாரியோடு நகரத்தின் சார்பில் நானும் போனேன். குவாரிக்கு முன்னால் ராகி வயலிலிருந்து ஒரு பெண் வந்து வழியில் நின்றாள். லாரியில் என்ன என்று கன்னடத்தில் கேட்டாள். மண் என்றேன். மண்ணுக்கு எதற்கு இத்தனை இறுக்கமாகத் தார்ப்பாய் என்றாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏரியைச் சொன்னேன், கோர்ட்டைச் சொன்னேன், குழிக்கு அடியில் கனமான ஷீட் விரித்திருக்கிறது, கசியாது என்று இன்ஜினியர்கள் சொன்னதையும் சொன்னேன். குழிக்குப் பக்கத்திலேயே அவளுடைய கிணறு இருந்தது. திரும்பி அதை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“பங்கு பேசினப்போ எங்களை ஏன் கூப்பிடலை?”

செலவைப் பிரித்துக்கொள்ளத்தான் எங்களுக்கு வருஷக்கணக்கானது. விஷத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு லாரி போதுமாக இருந்தது.